ஏழாம் ரோபோவில் மாறிய வரி

ஜூன் 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான்கு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. உன் அண்ணன் கூப்பிட்டால் எடுக்கிறாய். பின்னால் என் குரல் கேட்டதும், "சார்ஜ் இல்லண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். என் குரலைக் கேட்டால் மட்டும் சார்ஜ் இறங்குகிற போனை எந்தக் கடையில் வாங்கினாய் என்று தெரியவில்லை. ஆபீஸ் மெயிலில் எழுதினால் மேனேஜர் படிப்பார். அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் வீட்டு முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு உங்கள் லைனில் ஏழாம் ரோபோ, பிடி சரியாக இறுகாமலே தகட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது. தகடு நழுவி, கம்பி வலைக்கு மேலே பறந்துபோய், அந்தப் பக்கம் தகடு அடுக்கிக்கொண்டிருந்த ரேடியோவின் தாடையில் அடித்திருக்கிறது. நாள் முழுக்க வாய் ஓயாமல் பாடிக்கொண்டிருப்பதால் ரேடியோ என்று பேர் வாங்கிய மனுஷனுக்கு இப்போது தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த ரோபோவின் புரோகிராமில், தகடு பிடிபட்டது என்று சென்சார் சொல்லும்வரை நகராதே என்று ஒரு வரி உண்டு. அந்த வரி வேலை செய்திருந்தால் ரோபோ நகர்ந்திருக்காது.

என் வேலை உனக்குத் தெரியும். உங்கள் ஆலையில் உள்ள நாற்பத்திரண்டு ரோபோக்களின் ஃபைல்களும் ஒவ்வொரு ஞாயிறும் பேக்கப் ஆகித் தலைமை அலுவலகத்தில் என்னிடம் வருகின்றன. போன ஞாயிற்றின் பேக்கப்பையும் இந்த ஞாயிற்றின் பேக்கப்பையும் ஒப்பிட்டு, மாறியதையெல்லாம் பிரித்துக் கூடை கூடையாகப் போடுகிற அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன். ரோபோ நிற்கிற இடம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் ஒரு கூடை. வேகம் மாறினால் ஒன்று, நேரம் மாறினால் ஒன்று. வேலை செய்கிற முறையே மாறினால் அது சிவப்புக் கூடை. ஏப்ரல் ஐந்திலிருந்து மே முப்பத்தொன்று வரை ஒன்பது ஞாயிறு. ஒன்பதிலும் ஏழாம் ரோபோவுக்குச் சிவப்புக் கூடை காலி. ஆனால் விபத்து நடந்த அன்று பதினொன்று ஐம்பதுக்கு எடுத்த பேக்கப்பில் அதே வரி, 'புதிதாக வந்தது' என்று சிவப்பில் நிற்கிறது.

அடிபட்டு நாற்பது நிமிடத்தில் ஒரு வரி வந்து உட்காருகிறது என்றால், அதற்கு முன் அது அங்கே இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தது எந்த ஞாயிற்றிலும் தெரியவில்லை என்றால், திங்கட்கிழமை எடுத்துவிட்டுச் சனிக்கிழமை திருப்பி வைக்கிற கெட்டிக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஏழாம் ரோபோவின் பாஸ்வேர்ட் இரண்டே பேரிடம்தான் இருக்கிறது. லைன் சூப்பர்வைசர், அப்புறம் அதைப் பராமரிக்கிற டெக்னீஷியனான நீ. சூப்பர்வைசருக்குக் கைக்கடிகாரத்தைத் தவிர வேறு எந்த மெஷினும் தெரியாது என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஏழாம் ரோபோவில் 'அரை விநாடி நில்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சாதாரணச் சீர்படுத்தல் என்று அப்போது விட்டுவிட்டேன்.

பதினைந்தாம் தேதிக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி விசாரணை. வேலை போவதோடு நிற்காது, போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார்கள். நீ என் நாத்தனார் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் நான் என்ன எழுதுகிறேன் என்று உற்றுப் பார்க்கிறார்கள். குடும்பம் என்பதற்காக மூடி மறைப்பேன் என்று எதிர்பார்க்காதே.

உன் அண்ணி

●

ஜூன் 11

அண்ணிக்கு,

எல்லா வீட்டிலும் நாத்தனார்தான் அண்ணியிடம் குற்றம் கண்டுபிடிப்பாள் என்பார்கள். நம் வீட்டில் அது தலைகீழ். அதற்குச் சம்பளம் வேறு வாங்குகிறீர்கள்.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் வக்கீல் மாதிரி ஒரு கேள்வியை மூன்று விதமாகக் கேட்பீர்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், தப்பு செய்யாத இடத்திலும் முழிப்பேன். அதை அண்ணன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார். எழுத்தில் என்றால் நானும் நிதானமாகப் பதில் சொல்லலாம்.

அந்த வரியை நான்தான் முடக்கினேன். உங்கள் திங்கட்கிழமை, சனிக்கிழமைக் கதையெல்லாம் இல்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி முடக்கினேன், விபத்து வரை அப்படியேதான் இருந்தது. பிடியில் இருக்கிற சென்சாரில் எண்ணெய் இறங்கிவிட்டது. தகடு கையில் இருக்கும்போதே இல்லை என்று சொல்லும். ஒரு மணி நேரத்தில் இருபது தடவை லைன் நின்றது. துடைத்தேன், கேபிள் மாற்றினேன். சூப்பர்வைசர் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா ரிப்போர்ட்ல உன் பேர்தான் போகும்" என்றார். புது சென்சார் வாங்க உங்கள் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அது வரும்வரைக்கும் என்று வரியை முடக்கி, பிடி இறுக அரை விநாடி அவகாசம் கொடுத்தேன். அந்த அரை விநாடி ஒன்பது வாரம் தாங்கியது.

ஆனால் ஒளித்துச் செய்யவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை சொன்னேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கடிதம் எழுதுகிறீர்கள். எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் சும்மா இருந்தீர்கள். இப்போது ரேடியோவுக்கு அடிபட்டதும் கையைக் கழுவிக்கொண்டு என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள்.

அடிபட்ட பிறகு வரியைத் திருப்பிப் போட்டதும் நான்தான். சூப்பர்வைசர் என் காதோரம் வந்து, "முதல்ல அந்த வரியைப் போடு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். தரையில் ரத்தம் காயவில்லை. போட்டேன்.

நாத்தனார்

●

ஜூன் 14

நாத்தனாருக்கு,

நேற்று முழுக்கத் தேடினேன். ஆபீஸ் மெயிலில் உன் பேரில் ஏப்ரல், மே இரண்டு மாதத்திலும் ஆறு கடிதம் இருக்கிறது. நாலு லீவு கேட்டது, இரண்டு கையுறை கேட்டது. ஸ்டோருக்கு வந்த கோரிக்கைகளில் ஏழாம் ரோபோவுக்கு சென்சார் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. போனில் நீ அனுப்பியதெல்லாம் காலை வணக்கப் படம். உன் அண்ணனைக் கேட்டேன், "அவ உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "எந்த அவ?" என்றார். அந்தப் பக்கம் உதவி கிடைக்காது.

அட்டவணையையும் ஒன்பது வாரத்துக்கும் மறுபடி பார்த்தேன். நீ முடக்கினேன் என்கிறாயே ஏப்ரல் ஒன்று, அந்த வாரத்துச் சிவப்புக் கூடையில் எதுவும் இல்லை. முடக்கியிருந்தால் விழுந்திருக்கும். விழவில்லை. அப்படியென்றால் நீ சொல்கிற தேதியும் பொய்.

ஒன்பது தடவை சொன்னேன் என்கிறவள், எங்கே சொன்னாள் என்று மட்டும் எழுதவில்லை. நான் இதே வேலையில் பதினோரு வருஷம் இருக்கிறேன். சொல்லியாச்சு, எழுதியாச்சு, அனுப்பியாச்சு என்று எத்தனை பேர் எத்தனை விதமாகப் பூசி மெழுகுவார்கள் என்று பார்த்தவள். என் காதில் பூ சுற்றாதே. நீ யாருக்காவது சொல்லியிருந்தால் அந்த சூப்பர்வைசருக்குச் சொல்லியிருப்பாய், இரண்டு பேரும் சேர்ந்து உற்பத்தி எண்ணிக்கைக்காக ஓட்டியிருப்பீர்கள். இப்போது அவரைக் காப்பாற்ற என்னை இழுக்கிறாயோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

நாளை அறிக்கை போகிறது. 'வரி அனுமதி இல்லாமல் நீக்கப்பட்டிருக்கிறது. தலைமை அலுவலகத்துக்குத் தகவல் தரப்படவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பேர் எழுதவில்லை. பாஸ்வேர்ட் பட்டியலை மட்டும் இணைத்திருக்கிறேன். எழுதிவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

அண்ணி

●

ஜூன் 17

அண்ணிக்கு,

உங்கள் அறிக்கை வந்து சேர்ந்த சேதி உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நேற்றிலிருந்து என்னை ரோபோக்கள் பக்கம் விடுவதில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வேலையும் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கே சொன்னேன் என்று கேட்கிறீர்கள். எங்கே சொல்லச் சொன்னீர்களோ அங்கே.

மூன்று வருஷத்துக்கு முன் இங்கே பயிற்சி கொடுக்க வந்தீர்கள். அப்போது ஆறு ரோபோதான். நாங்கள் எட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினீர்கள். "எதை மாத்தினாலும், ஏன் மாத்தினேன்னு அந்த வரி பக்கத்துலயே குறிப்பு எழுதிடுங்க. மெயில் வேணாம், சீட்டு வேணாம். வாராவாரம் பேக்கப்புல நான் பாத்துடுவேன்." வெல்டிங் மாஸ்டர் கையைத் தூக்கி, "தமிழ்ல எழுதலாமாம்மா?" என்று கேட்டார். ரோபோவுக்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும், அதிலேயே தமிழை எழுதுங்கள் என்றீர்கள். முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் போகாது என்றும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு என்னை வீட்டு உறவாகப் பார்க்காமல் மற்றவர்களோடு சேர்த்துப் பார்த்தீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் வருஷம் நிஜமாகவே பார்த்தீர்கள். நான் ஒரு குறிப்பு எழுதினால் செவ்வாய்க்கிழமை போன் வரும். அந்த நம்பிக்கையில்தான் ஏப்ரலிலும் எழுதினேன். வரியை அழிக்கவில்லை. முன்னால் குறிப்பு அடையாளத்தைப் போட்டு, ரோபோ படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்பாக அதையே மாற்றி முடக்கினேன். பக்கத்தில் காரணம் எழுதினேன். ஒரே குறிப்பு அப்படியே கிடந்தால் மாற்றம் என்று காட்டாது என்பதால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாற்றி எழுதினேன்.

என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போதுதான் கட்டினேன் என்பீர்கள். ஒன்பது பேக்கப்பும் உங்களிடம் இருக்கிறது. திறந்து படியுங்கள். அழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு நகல் வெல்டிங் மாஸ்டர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இப்படியெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாத்தனார்

●

ஜூன் 20

அன்புள்ள பெண்ணுக்கு,

நேற்று திறந்தேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. ஆறு ரோபோ நாற்பத்திரண்டு ஆனபோது வாரத்துக்கு ஆயிரம் மாற்றம் வந்தது. பாதி குறிப்பு. அதில் பாதி வெட்டிப் பேச்சு. 'டீ வரலை', 'மாஸ்டர் தூங்குறார்', யாரோ யாருக்கோ எழுதிய காதல். சலித்துப்போய் ஒரு நாள் அட்டவணையில் ஒரு விதி எழுதினேன். ஒரு வரி புதிதாக வந்தாலும் பழையது மாறி வந்தாலும், குறிப்பு அடையாளத்தோடு தொடங்கினால் அது குறிப்புக் கூடைக்குப் போக வேண்டும், குறிப்புக் கூடை எனக்குக் காட்டப்பட வேண்டாம். நீ முடக்கிய வரி அந்த அடையாளத்தோடு தொடங்கியதால் அதுவும் அங்கேதான் விழுந்திருக்கிறது. விபத்தன்று அடையாளத்தை எடுத்ததும் அது மறுபடி வரியாகிச் சிவப்பில் நின்றது. நான் ஃபைல்களைத் திறந்தே பார்க்கவில்லை. அட்டவணையைத்தான் பார்த்தேன். உன்னைச் சந்தேகப்பட்டேன், சூப்பர்வைசரைச் சந்தேகப்பட்டேன், உன் அண்ணனைக்கூடச் சந்தேகப்பட்டேன். அட்டவணையை எழுதியது நான் என்பதால் அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. விதியை மாற்றியதை உங்கள் யாருக்கும் சொல்லவும் இல்லை. இது என் தப்பு. வெளிப்படையாகச் சொல்கிறேன்.

இப்போது மற்றது. ஒன்பது குறிப்பையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் என்ன மாறியது என்று பார்ப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

முதலாவது: 'அண்ணி சென்சார் போச்சு புதுசு வேணும்'. இரண்டாவது: 'இன்னும் வரலை அண்ணி'. மூன்றாவது: 'அண்ணி கோவமா'. நான்காவது: 'தூங்குறீங்களா அண்ணி'. இதுவரை உன் குரல் எனக்குக் கேட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஐந்தாவது, மே மூன்று: 'அண்ணி, அண்ணனுக்கு வேற பொண்ணு'. இதைப் படித்திருந்தால் நான் அடுத்த நிமிடம் போனில் கத்தியிருப்பேன். உனக்கும் அது தெரியும். நான் படிக்கிறேனா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பொய்யை எழுதினாய்.

ஆறாவதிலிருந்து 'அண்ணி' என்ற சொல் இல்லை. 'வரி முடக்கம் தலைமைக்கு தெரியும்'. ஏழாவது: 'முன்பே தெரிவித்தது'. எட்டாவது: 'தெரிவித்தும் நடவடிக்கை இல்லை'. ஒன்பதாவது: 'இன்றுவரை நடவடிக்கை இல்லை'. நீ இப்படிப் பேசுகிறவளே இல்லை. நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

மே ஒன்பதாம் தேதி, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில், நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். என் எதிரே சோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். "லைன்ல ஏதாச்சும் புதுசா?" என்று நானே கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணி" என்றாய்.

நான் படிக்கவில்லை என்று உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு கடைசி நாலு குறிப்பையும் யாருக்கு எழுதினாய்?

அறிக்கையைத் திருப்பி வாங்க முடியுமா என்று மேனேஜரைக் கேட்டேன். "எதுக்கு மேடம்? தெளிவா இருக்கே" என்றார். காரணம் சொல்லாமல் வந்துவிட்டேன். குறிப்புக் கூடையைக் காட்டினால் என் பதினோரு வருஷம் போகும். காட்டாவிட்டால் உன் வேலை போகும். வியாழக்கிழமை காட்டத்தான் வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அதற்கு முன் உன் பதில் வேண்டும்.

உன் அண்ணி

●

ஜூன் 23

அண்ணி,

நீங்கள் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டேதான் இருந்தேன். வேறு யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது.

மே ஒன்பதாம் தேதி சொல்லத்தான் வந்தேன். சோபாவில் உட்கார்ந்ததும், நேரில் சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை சென்சார் வந்துவிடும் என்று மனசுக்குள் ஓடியது. அப்போது அண்ணன் ஏதோ கேட்டார். நீங்கள் சொன்னீர்கள், "இவங்க ஆலையில ஒரு நட்டு அசைஞ்சாலும் எனக்குத் தெரியாம அசையாது." அண்ணன் என்னைப் பார்த்து, "கேட்டுக்கோ" என்று சிரித்தார். ஐந்து வாரமாகக் கத்திக்கொண்டிருந்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் பார்வையில் அது விழவில்லை. அதன் பிறகுதான் என்னிடம், லைன்ல ஏதாச்சும் புதுசா என்று கேட்டீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு நாள் மாட்டட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் ஒண்ணுமில்ல என்றேன்.

அன்று இரவு ஷிஃப்டில் எழுதியது முதல் அடுத்த நாலு குறிப்பும் விசாரணைக்காக எழுதியது. நேற்று முன்தினம் வரை நான் அதை அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். நம்மைக் காப்பாற்றிக்கொள்ள எழுதி வைத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நகல் எடுத்து மாஸ்டரிடம் கொடுக்கத் தொடங்கியதும் மே பத்தாம் தேதிதான். அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. திருப்பி வாங்க எனக்கு மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் நினைத்தது என்னவென்றால், ஒரு நாள் பத்துத் தகடு கீழே விழும், லைன் அரை நாள் நிற்கும், ஏன் என்று கேட்பார்கள், குறிப்புகளைக் காட்டுவேன், உங்கள் மூக்கு உடையும். அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிறார் என்று தெரியாமலா இருந்தது? தினமும் அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ரேடியோவால் வாயைத் திறக்க முடியாது, ஸ்ட்ராவில் குடிக்கிறார். ஒரு நோட்டில்தான் எழுதிக் காட்டுகிறார். நான் சென்சார், அண்ணி, தலைமை அலுவலகம், ஒன்பது குறிப்பு என்று எல்லாம் சொன்னேன். என்னை விட்டால் இன்னும் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நோட்டை வாங்கி எழுதினார். 'நிறுத்துற பட்டன் உன் பக்கம்தானேம்மா இருந்துச்சு?'

கோபமாக எழுதவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா, "என்ன கேக்கறாரு?" என்றார். "மெஷினைப் பத்தி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணி, அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்த யார் அனுமதியும் வேண்டாம். சூப்பர்வைசர் கத்துவார், என் பேர் ரிப்போர்ட்டில் போகும், அவ்வளவுதான் நடந்திருக்கும். ஒன்பது வாரமும் அது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நீங்கள் படிக்காததற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். படிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஓட்டியதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். முதல் ஐந்து வாரத்துக்கு உங்கள் பேரும் என் பேரும் சேர்ந்து இருக்கலாம். பின்னால் வந்த நாலு வாரமும் என்னுடையது.

நாளன்றைக்குக் காலை பத்து மணிக்கு விசாரணை. கூடையைக் காட்டினால் நான் தப்பித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தப்பிக்கத்தான் எல்லாம் செய்தேன். இப்போது முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன், மே ஒன்பதையும் சேர்த்து.

நான் சொல்லி முடித்த பிறகு, அதுதான் அவளே ஒப்புக்கொண்டாளே என்று நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுவீர்களோ என்று இந்த நிமிடம்வரை எனக்குச் சந்தேகம் இருக்கிறது. உங்களுக்கும் என்னைப் பற்றி அதே சந்தேகம் இருக்கும். அதனால் முதலில் நான் பேசுகிறேன்.

உங்கள் நாத்தனார்